பக்கவாதத்துக்குப் பின் கை அசைவு: பயிற்சிக் கருவியை வைத்து முதல் ஆய்வு செய்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கல்லூரி ஆய்வகத்தில் மோட்டார் வைத்த கைப்பிடியோ, கேமரா பார்த்து ஓடும் விளையாட்டோ, மணிக்கட்டில் கட்டும் சென்சாரோ செய்து வைத்துக்கொண்டு, "இதைப் பக்கவாதம் வந்தவர்களிடம் சோதிக்கணும், எங்கே ஆரம்பிக்கிறது?" என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பொறியியல் மாணவர்கள், பிசியோதெரபி முதுகலை மாணவர்கள் இரண்டு தரப்புக்கும் பொருந்தும். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கான சிகிச்சைக் குறிப்பு இதில் இல்லை.

நான் பக்கத்தில் இருந்து பார்த்த ஆய்வுகளில் பெரும்பாலானவை வரிசை தப்பியதால்தான் கெட்டன. கருவியைச் செய்துவிட்டு அளவுகோல் தேடுவார்கள், அளந்து முடித்துவிட்டுக் கேள்வி தேடுவார்கள், பத்து நோயாளிகளைச் சேர்த்த பிறகுதான், ஆய்வுக்கு அனுமதி தரும் எதிக்ஸ் கமிட்டி நினைவுக்கு வரும். கீழே உள்ள வரிசை அலுப்பாகத் தோன்றலாம், ஆனால் ஒவ்வொன்றும் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

0. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் ஆள். தினமும் பக்கவாத நோயாளிகளைப் பார்க்கும் ஒரு பிசியோதெரபிஸ்ட் அல்லது ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் முதல் நாளிலிருந்தே குழுவில் இருக்க வேண்டும். கடைசியில் கையெழுத்துக்காகச் சேர்க்கும் பெயர் போதாது. எந்த மாதிரிக் கைக்கு உங்கள் கருவி பொருந்தும் என்பதை அவர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். நீங்களாகக் கண்டுபிடிக்க ஆறு மாதம் ஆகும்.

இரண்டாவது, நோயாளிகளின் எண்ணிக்கை. "எங்களிடம் நிறைய பேர் வருகிறார்கள்" என்று எல்லா மருத்துவமனையிலும் சொல்வார்கள். நம்பாதீர்கள். ஓபி பதிவேட்டை வாங்கி, ஒரு மாதத்தில் புதிதாக வந்த பக்கவாதக்காரர்கள் எத்தனை பேர், அதில் உட்கார முடிந்தவர்கள் எத்தனை பேர், சொல்வது புரிந்தவர்கள் எத்தனை பேர், வாரம் மூன்று நாள் வரக்கூடிய தூரத்தில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணுங்கள். நாற்பது பேர் கடைசியில் நான்கு பேராகச் சுருங்குவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, பொருள்கள். சக்கரம் இல்லாத, கைப்பிடி இல்லாத ஒரு நாற்காலி, உயரம் மாறாத மேசை, ரிஃப்ளெக்ஸ் சுத்தி, ஸ்டாப்வாட்ச், வீடியோ எடுக்க ஒரு ஸ்டாண்ட். இவை ஆய்வு முடியும் வரை ஒன்றே ஆக இருக்க வேண்டும். நாற்காலியின் உயரம் மாறினால் தோள் போகும் பாதையும் மாறும், அதை நீங்கள் முன்னேற்றம் என்று எழுதிவிடுவீர்கள்.

1. இரண்டு வாரம் சிகிச்சைக் கூடத்தில் சும்மா உட்காருங்கள்

கருவியை எடுத்துப் போகாதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒரு அமர்வில் பாதிக்கப்பட்ட கை உண்மையில் எத்தனை தடவை அசைகிறது என்று எண்ணுங்கள்.

எண்ணச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கேத்தரின் லாங் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு அமர்வில் பயனுள்ள வேலையோடு சேர்ந்த கை அசைவுகள் சராசரியாக 32 தான் இருந்தன. எதிர்ப்பக்கம், அமெரிக்க முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகளில் நடந்து 2010-இல் வெளியான ரோபோ ஆய்வில், ரோபோவில் ஒரு அமர்வுக்கு ஆயிரம் அசைவு வரை செய்ய வைத்தார்கள். கருவி செய்யும் எல்லோரும் சொல்லும் முதல் வாதம் "எங்கள் கருவி அசைவை அதிகப்படுத்தும்" என்பதுதான். இப்போது எத்தனை நடக்கிறது என்றே தெரியாவிட்டால் எதைவிட அதிகம் என்று சொல்வீர்கள்?

இன்னொன்றையும் பாருங்கள், சக்கர நாற்காலியிலிருந்து மாற்ற எவ்வளவு நேரம், கையை விரித்துப் பட்டைக்குள் நுழைக்க எவ்வளவு நேரம், அட்டெண்டர் (நோயாளியோடு கூட வந்தவர்) எங்கே நிற்கிறார், யார் பேசுகிறார். முப்பது நிமிட அமர்வில் கருவியை மாட்டவே பன்னிரண்டு நிமிடம் போனால், வடிவமைப்பை மாற்றவேண்டியது இப்போதுதான், எதிக்ஸ் அனுமதி வாங்கிய பிறகு அல்ல.

2. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

யாருக்கு, பக்கவாதம் வந்து எவ்வளவு காலத்துக்குப் பின், எந்தப் பயிற்சி, எவ்வளவு, எதோடு ஒப்பிட்டு, எந்த அளவுகோலில், எந்த வாரத்தில். இந்த ஏழும் ஒரு வரிக்குள் வராவிட்டால் ஆய்வு இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம்.

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுவது "எவ்வளவு காலத்துக்குப் பின்" என்ற இடத்தில். 2017-இல் சர்வதேச நிபுணர் குழு ஒன்று காலத்தைப் பிரித்துத் தந்தது: முதல் 24 மணி நேரம் ஒன்று, ஏழு நாள் வரை ஒன்று, அதன்பின் 3 மாதம் வரை, 3 முதல் 6 மாதம் வரை, 6 மாதத்துக்கு மேல். முதல் மூன்று மாதத்தில் மூளை தானாகவே ஒரு பகுதியை மீட்டுக்கொள்கிறது, பயிற்சி கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பலருக்குக் கை கொஞ்சமாவது வரும். ஆக, மூன்று வாரம் ஆன ஒருவரையும் மூன்று வருடம் ஆன ஒருவரையும் ஒரே குழுவில் போட்டுச் சராசரி எடுத்தால், உங்கள் கருவியின் பலனா இயற்கையின் பலனா என்று யாராலும் சொல்ல முடியாது. பெரிய ஆய்வுகள் பரந்த காலத்தைச் சேர்ப்பதுண்டு, கைப் பயிற்சி ரோபோவைச் சோதித்த பிரிட்டனின் ராட்டுல்ஸ் ஆய்வு ஒரு வாரத்திலிருந்து ஐந்து வருடம் வரை சேர்த்தது. ஆனால் அவர்களிடம் 770 பேர் இருந்தார்கள். உங்களிடம் இருபது பேர்.

முதல் ஆய்வென்றால் ஆறு மாதம் கடந்தவர்களை மட்டும் எடுங்கள் என்பதே என் யோசனை. பலன் சிறியதாகத்தான் தெரியும், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் தெரிவது என்ன என்று உங்களால் சொல்ல முடியும்.

அடுத்து, பாதிப்பின் அளவு. விரலை நீட்டவே முடியாதவருக்கும், டம்ளரைத் தூக்கிக் குடித்துவிட்டுக் கொஞ்சம் தடுமாறுபவருக்கும் ஒரே கருவி பொருந்தாது. சேர்ப்பு விதியில் "மிதமான பாதிப்பு" என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள், எண்ணைப் போடுங்கள். எந்த அளவுகோலின் எண் என்பது அடுத்த படி.

3. கருவியை முடிக்கும் முன் அளவுகோலைத் தேர்ந்தெடுங்கள்

இந்தப் படிதான் முழு ஆய்வையும் தீர்மானிக்கும், அதனால் கொஞ்சம் விரிவாக.

கையை மூன்று இடங்களில் அளக்கலாம். உடல் அளவில், தோளும் முழங்கையும் விரலும் தனித்தனியாக அசைகிறதா என்று பார்ப்பது ஃபூகல்-மேயர். 1975-இல் ஸ்வீடனில் உருவானது, கைக்கு 33 உருப்படி, ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2, மொத்தம் 66. வேலை அளவில், பொருளை எடுக்கவும் பிடிக்கவும் முடிகிறதா என்று பார்ப்பது ஆராட்: 19 உருப்படி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 57. மூன்றாவது, வீட்டில் அந்தக் கையை உண்மையிலேயே பயன்படுத்துகிறாரா என்பது. அதற்கு இரண்டு மணிக்கட்டிலும் சென்சார் கட்டுகிறோம், அல்லது கேள்வித்தாள்.

இந்த மூன்றும் ஒன்றாக ஏறும் என்று நினைத்துவிடாதீர்கள். 2019-இல் லான்செட்டில் வந்த ராட்டுல்ஸ் முடிவைப் பாருங்கள். எம்.ஐ.டி.-மேனஸ் ரோபோவில் வாரம் மூன்று நாள், 45 நிமிடம், 12 வாரம் பயிற்சி. வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்டபோது ஃபூகல்-மேயரில் கொஞ்சம் முன்னேற்றம் இருந்தது, ஆனால் முதன்மை அளவான ஆராட்டில் இல்லை, அன்றாட வேலைகளிலும் இல்லை. மூட்டு அசைந்தது, சோறு பிசைந்து சாப்பிட அது போதவில்லை என்று நம் பாஷையில் சொல்லலாம். நீங்கள் எதை முதன்மை அளவாக வைக்கிறீர்களோ அதைப் பொறுத்து ஒரே ஆய்வு வெற்றியாகவும் தோல்வியாகவும் படிக்கப்படும். அதனால்தான் முதல் நோயாளி வரும் முன்பே ஒன்றே ஒன்றைத் தேர்ந்து எழுதி வைத்துவிட வேண்டும்.

செய்யவே கூடாதது: கருவியில் வரும் மதிப்பெண்ணை முதன்மை அளவாக வைப்பது. "விளையாட்டில் 40 புள்ளியிலிருந்து 90-க்குப் போனார்" என்றால் அவர் அந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டார், அவ்வளவுதான். நீங்களும் நானும் விளையாடினாலும் ஏறும்.

எவ்வளவு மாறினால் நோயாளிக்கு அது தெரியும் என்பதையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கடந்தவர்களுக்கு ஃபூகல்-மேயரில் ஏறக்குறைய 5 புள்ளி, ஆராட்டில் ஏறக்குறைய 6 புள்ளி என்பது பரவலாகக் கையாளப்படும் எல்லை. 1.8 புள்ளி முன்னேற்றத்தைப் பெரிய எழுத்தில் போட்டுக்கொண்டு மேடை ஏறும் முன் இதை நினைத்துப் பாருங்கள்.

4. அளப்பதைப் பழகுங்கள்

படிவத்தைப் பதிவிறக்கிப் படித்தால் ஃபூகல்-மேயர் வந்துவிடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வராது. குறைந்தது பத்து பேரை வீடியோ எடுத்து, இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பெண் போட்டு, எங்கே வேறுபடுகிறது என்று உட்கார்ந்து பேச வேண்டும்.

அடிக்கடி பார்க்கும் பிழைகளைச் சொல்கிறேன். கையைத் தூக்கச் சொன்னால் நோயாளி உடம்பைச் சாய்த்துத் தோளைத் தூக்குவார், பார்க்கக் கை உயர்ந்த மாதிரியே இருக்கும், புதியவர் 2 போட்டுவிடுவார். நல்ல கையில் முதலில் செய்யச் சொல்லிப் பார்க்க மறந்துவிடுவார்கள், அந்த மனிதருக்கு எது இயல்பு என்றே தெரியாமல் போகும். இயல்பான ரிஃப்ளெக்ஸ் பார்க்கும் உருப்படியை, அதற்கு முந்தைய பகுதியில் முழு 6 வாங்கியவருக்கு மட்டுமே பார்க்க வேண்டும். எல்லோருக்கும் சுத்தியால் தட்டி மதிப்பெண் போட்டு வைத்திருந்த ஒரு முழுக் கோப்பை நான் திருத்தியிருக்கிறேன், மூன்று நாள் போனது.

ஆராட்டுக்கு மரக்கட்டைகள், கோலிக்குண்டு, வாஷர், சிறு உலோக உருண்டை, இரண்டு டம்ளர், அப்புறம் ஒரு கிரிக்கெட் பந்து வேண்டும், ஆமாம், அசல் பெட்டியிலேயே கிரிக்கெட் பந்து உண்டு. நம் ஊரில் அது மட்டும் சுலபமாகக் கிடைக்கும். கட்டைகள் சரியாக 2.5, 5, 7.5, 10 சென்டிமீட்டர் பக்கம் இருக்க வேண்டும், தச்சரிடம் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும் முன் அளந்து பாருங்கள். ஆராட்டில் ஒவ்வொரு பகுதியிலும் கடினமானதை முதலில் செய்யச் சொல்வது விதி. அதில் முழு மதிப்பெண் வந்தால் அந்தப் பகுதி முழுவதும் கிடைத்தது, மற்றதைச் செய்யத் தேவையில்லை. வரிசையை மாற்றினால் நோயாளி களைத்துவிடுவார், மதிப்பெண்ணும் இறங்கும்.

கட்டளைகளைத் தமிழில் ஒரே மாதிரி எழுதி வைத்துப் படியுங்கள். ஒருவர் "கையைத் தூக்குங்க" என்கிறார், இன்னொருவர் "காதுக்கு மேல வர்ற வரைக்கும் தூக்குங்க ஐயா, முடியும், முடியும்" என்கிறார். இரண்டுக்கும் வித்தியாசம் மூன்று புள்ளி வரும்.

5. எதோடு ஒப்பிடுவது, எத்தனை பேர்

கருவிக் குழுவுக்கு வாரம் ஐந்து மணி நேரம், ஒப்பீட்டுக் குழுவுக்கு வழக்கமான ஒரு மணி நேரம். இப்படிச் செய்து கருவி ஜெயித்தால், ஜெயித்தது கூடுதல் நான்கு மணி நேரமாக இருக்கலாம். நேரத்தைச் சமமாக வையுங்கள். 2016-இல் வந்த எவ்ரெஸ்ட் ஆய்வில் 141 பேரைப் பிரித்து ஒரு குழுவுக்கு வீ என்ற, கையை அசைத்து ஆடும் வீடியோ விளையாட்டு, இன்னொரு குழுவுக்குச் சீட்டாட்டம் மாதிரியான சாதாரண விளையாட்டு கொடுத்தார்கள். இரண்டும் ஒரே பலன். ஒப்பீட்டுக் குழு சும்மா இருந்திருந்தால் வீ பெரிய கண்டுபிடிப்பாகப் பேசப்பட்டிருக்கும்.

எண்ணிக்கைக்கு வருவோம். இரு குழுவுக்கும் இடையே 5 புள்ளி வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டும், மாற்றத்தின் நியமவிலக்கம் (ஆளுக்கு ஆள் எவ்வளவு சிதறுகிறது என்பது) 8 என்று வைத்துக்கொள்வோம், 80 சதவீதத் திறன் (உண்மையில் இருக்கும் வித்தியாசத்தைப் பிடிக்கும் வாய்ப்பு), 5 சதவீதப் பிழை (இல்லாததை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு). கணக்குப் போட்டால் குழுவுக்கு 41 பேர். பாதியில் நிற்பவர்களையும் சேர்த்தால் ஐம்பதுக்குப் பக்கம், மொத்தம் நூறு. வித்தியாசம் சிறியதானால் எண்ணிக்கை எகிறும். ஆர்மின் ரோபோவை வைத்து 77 பேரைச் சேர்த்து 2014-இல் வெளியான சுவிஸ் ஆய்வில் இரு குழுவுக்கும் இருந்த வித்தியாசம் ஃபூகல்-மேயரில் ஒரு புள்ளிக்கும் குறைவு.

ஒரு முதுகலைப் படிப்புக்குள் நூறு பேர் கிடைக்க மாட்டார்கள். அப்படியானால் பலன் உண்டா என்ற கேள்வியையே கேட்காதீர்கள். "நடத்த முடிகிறதா" என்று கேளுங்கள்: கேட்டவர்களில் எத்தனை பேர் சம்மதித்தார்கள், எத்தனை அமர்வுக்கு வந்தார்கள், மாட்ட எவ்வளவு நேரம், அமர்வுக்கு எத்தனை அசைவு, தோள் வலி யாருக்கு வந்தது. இருபது பேரை வைத்து நேர்மையாகப் பதில் சொல்லக்கூடிய கேள்விகள் இவை. வழிகாட்டும் பேராசிரியர் "பி வேல்யூ எங்கே?" என்று, அதாவது வித்தியாசம் தற்செயலா என்று சொல்லும் எண் எங்கே என்று கேட்பார். இதே கணக்கை அவர் முன்னால் போட்டுக் காட்டுங்கள்.

6. அனுமதிகள்: எதிக்ஸ், அப்புறம் பதிவு, அதன்பின் நோயாளி

இந்தியாவில் வரிசை இதுதான். எதிக்ஸ் கமிட்டி அனுமதி முதலில், பிறகு சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு, பதிவு எண் வந்த பிறகே முதல் நோயாளி. 2018 ஏப்ரல் 1 முதல் பின்தேதிப் பதிவு கிடையாது. ஒருவரைச் சேர்த்துவிட்டாலும் கதவு மூடியாயிற்று. பதிவேட்டு அலுவலகம் திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்பும், நீங்கள் பதில் போட வேண்டும், மறுபடி கேட்கும். இந்தப் போக்குவரத்துக்கும் நாள் ஒதுக்குங்கள். கருவி புதிது என்றால் 2017-இன் மருத்துவக் கருவி விதிகளின்படி தனி அனுமதி வேண்டுமா என்பதையும் கமிட்டி அலுவலகத்தில் ஆரம்பத்திலேயே கேட்டுவிடுங்கள்.

சம்மதப் படிவத்தில் இரண்டு விஷயம் எப்போதும் விட்டுப்போகிறது. ஒன்று, வலது கை வராதவர் எப்படிக் கையெழுத்துப் போடுவார்? பெருவிரல் ரேகையும், ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சியும் என்று முதலிலேயே எழுதிவிட வேண்டும். இரண்டு, பேச்சு பாதிக்கப்பட்டவர்கள். இவர்களை மொத்தமாக விலக்குவது சுலபம், ஆனால் விலக்கினால் இடது மூளை பாதிக்கப்பட்டவர்களில் பெரும் பகுதி வெளியே போய்விடும். படம் போட்டு, சின்னச் சின்ன வாக்கியத்தில், ஆம் இல்லை என்று தலையசைத்தால் போதும் என்ற மாதிரி ஒரு படிவம் செய்யுங்கள்.

நோயாளிக்கும் அட்டெண்டருக்கும் பஸ் செலவை விண்ணப்பத்திலேயே கேளுங்கள். ஆய்விலிருந்து விலகுபவர்கள் வாயால் சொல்லும் காரணம் "உடம்பு முடியல" என்பதாக இருக்கும், உண்மைக் காரணம் மகன் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அழைத்து வரவேண்டும் என்பதாக இருக்கும்.

7. கருவியைக் கைக்குத் தயார் செய்தல்

அவசர நிறுத்தப் பொத்தான் நோயாளியின் நல்ல கைப் பக்கம் இருக்க வேண்டும். சிரிக்காதீர்கள், எல்லாக் கருவியிலும் வலப்பக்கம் ஒன்று பொருத்திவிட்டு, வலது கை வராதவரை உட்கார வைப்பதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் மாற்றும்படி வையுங்கள்.

தோளைக் கவனியுங்கள். தசை தளர்ந்தவர்களுக்கு மேற்கை எலும்பு மூட்டிலிருந்து கொஞ்சம் கீழே இறங்கி இருக்கும். கையின் எடையைத் தாங்காமல் முன்னங்கையை மட்டும் இழுக்கும் கருவி அங்கே வலியை உண்டாக்கும், ஒரு தடவை வந்த தோள் வலி மாதக்கணக்கில் போகாது. உணர்ச்சி குறைந்தவருக்குப் பட்டை அழுத்துவதும் தெரியாது, ஒவ்வொரு அமர்வுக்குப் பின்னும் தோலைப் பாருங்கள், சிவப்பு மறையாமல் இருந்தால் அன்றைக்கே எழுதி வையுங்கள்.

பெரிய ரோபோதான் வேண்டும் என்பதில்லை. சி.எம்.சி. வேலூரும் ஐ.ஐ.டி. மெட்ராஸும் சேர்ந்து உருவாக்கிய புளூட்டோ என்ற கைப் பயிற்சி ரோபோவில் ஒரே ஒரு மோட்டார்தான், கைப்பிடிகளை மாற்றி மாற்றிப் பொருத்தி மணிக்கட்டு, முன்னங்கை, விரல் என்று வெவ்வேறு பயிற்சி கொடுக்கலாம். மாட்டுவது சுலபம், மேசைமேல் வைக்கலாம். முதல் கருவி செய்பவர்கள் ஏழு மோட்டார் வைத்து வரைபடம் போடும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

மற்றபடி, பட்டைகள் கழட்டித் துவைக்கும்படி இருக்கட்டும், மே மாத வியர்வையில் வெல்க்ரோ நாறும். கரண்ட் போனால் கை எந்த நிலையில் நிற்கும் என்று ஒரு தடவை பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள், உங்கள் கையை வைத்து.

8. மணிக்கட்டு சென்சார்: வீட்டில் என்ன நடக்கிறது

இரண்டு மணிக்கட்டிலும் ஆக்சிலரோமீட்டர் (அசைவைப் பதியும் சென்சார்) கட்டி, பாதிக்கப்பட்ட கை அசைந்த நேரத்தை நல்ல கை அசைந்த நேரத்தால் வகுத்தால் வருவது பயன்பாட்டு விகிதம். பக்கவாதம் இல்லாதவர்களுக்கு இது 0.95-க்குப் பக்கத்தில் இருக்கும் என்று அமெரிக்க ஆய்வுகள் காட்டின, அதாவது வலது கைக்காரர்கள்கூட இரண்டு கையையும் ஏறக்குறைய சமமாகவே அசைக்கிறார்கள். கூடத்தில் ஆராட் ஏறியவர் வீட்டில் கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம், அதை இது மட்டும்தான் காட்டும்.

படிகள் இவை. இரண்டு சென்சாரையும் ஒரே கணினியில் நேரம் ஒத்துவைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்து மேசையில் ஐந்து தட்டுத் தட்டுங்கள். பிறகு கடிகாரம் விலகினாலும் அந்த ஐந்து முனைகளை வைத்துச் சேர்த்துவிடலாம். திரும்பி வரும்போதும் அதே ஐந்து தட்டு. வலது, இடது என்று எழுதி ஒட்டுவது போதாது, பட்டையின் நிறத்தையே மாற்றுங்கள், குளிக்கும்போது கழற்றி மாற்றிக் கட்டிவிடுகிறார்கள். ஒரு சின்ன நாட்குறிப்புத் தாள்: எப்போது கழற்றினார், எப்போது பஸ்ஸில் போனார், எப்போது தூங்கினார். பஸ் குலுங்கினால் இரண்டு கையும் அசைந்ததாகப் பதிவாகும். நடந்தாலும் அப்படித்தான், கை வீசுவது பயன்பாடு ஆகாது.

ஒரு தடவை, பாதிக்கப்பட்ட கை மாலை ஐந்து மணிக்கு மேல் வெறித்தனமாக வேலை செய்ததாக வரைபடம் காட்டியது. குழுவே குதித்தது. விசாரித்தால், பேரன் அதைக் கட்டிக்கொண்டு விளையாடப் போயிருக்கிறான்.

இன்னொரு சிக்கல் நம் ஊருக்கே உரியது. சாப்பிடுவது, கொடுப்பது, வாங்குவது எல்லாம் வலது கை, கழுவுவது இடது கை என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். வலது கை விழுந்தவர் சாப்பிட இடது கைக்கு மாறத் தயங்குவார், ஊட்டிவிடச் சொல்வார், அல்லது ஸ்பூன் கேட்பார். இடது கை விழுந்தவரின் சங்கடம் வேறு, அதைப் பற்றி அவர் வாய் திறக்கவே மாட்டார். அதனால் எந்தப் பக்கம் விழுந்தது என்பதைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள், வெளிநாட்டுக் கேள்வித்தாளில் இருக்கும் "முள்கரண்டியால் சாப்பிடுவது" போன்ற உருப்படிகளை அப்படியே மொழிபெயர்த்து வைக்காதீர்கள். லுங்கி கட்டுவது, சேலைக் கொசுவம் வைப்பது, வாளியிலிருந்து மக்கில் தண்ணீர் மொள்வது என்று கேளுங்கள். அசல் அளவுகோலை மாற்றினால் மதிப்பெண்ணை வெளிநாட்டு எண்களோடு நேராக ஒப்பிட முடியாது, அதையும் எழுதிவிடுங்கள்.

9. இரண்டு பேரை வைத்து முழு ஒத்திகை

சம்மதத்திலிருந்து கடைசி வரைபடம் வரை எல்லாவற்றையும் இரண்டு பேரிடம் ஓட்டிப் பாருங்கள். அனுமதி வந்த பிறகுதான், இவர்களும் ஆய்வில் சேர்ந்தவர்களே. அமர்வு மட்டும் ஒத்திகை பார்த்தால் போதாது. கோப்பு எந்தப் பெயரில் சேமிக்கப்படுகிறது, ஒரு அமர்வு பாதியில் நின்றால் அந்தக் கோப்பு என்ன ஆகிறது, மென்பொருள் அதைத் திறக்கிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். நாற்பதாவது அமர்வில் தெரிவதைவிட இது நல்லது.

10. நடத்தும்போது

யார் எந்தக் குழு என்பதை, நோயாளிகளைச் சேர்ப்பவர் முன்கூட்டியே அறியக் கூடாது. தெரிந்தால், நல்ல கை உள்ளவரைத் தன்னையறியாமல் கருவிக் குழுவுக்குத் தள்ளுவார். வேறு ஒருவர் குலுக்கி, வெளிச்சத்தில் பிடித்தாலும் உள்ளே தெரியாத உறையில் எண்ணிட்டு ஒட்டி வைக்க வேண்டும்.

அளப்பவர் வேறு, பயிற்சி கொடுப்பவர் வேறு. அளக்கப் போகும் முன் "எந்தக் கருவியில் பயிற்சி செய்தேன் என்று மேடத்திடம் சொல்லிவிடாதீர்கள்" என்று நோயாளியிடம் சொல்லுங்கள். அப்படியும் பாதிப் பேர் சொல்லிவிடுவார்கள், "அந்த மெஷின்ல கை வச்சதுலேர்ந்து பரவாயில்லம்மா" என்று நன்றியோடு. எத்தனை தடவை அப்படி வெளிப்பட்டது என்று எழுதி வையுங்கள்.

நீங்கள் கேட்டு மறுத்தவர்களையும் காரணத்தோடு பதிவு செய்யுங்கள், பின்னால் அதைத் தோண்டி எடுக்க முடியாது. தசை இறுக்கத்துக்கு ஊசி போட்ட தேதி, மருந்து மாற்றம், வெளியே எண்ணெய் வைத்தியமோ வேறு பிசியோவோ போகிறாரா என்பதும் வேண்டும். இதைக் குற்றம் கேட்பது மாதிரிக் கேட்டால் இல்லை என்பார்கள். பொங்கல், அறுவடை, ஊர்த் திருவிழா வாரங்களை அட்டவணையில் முதலிலேயே விட்டுவிடுங்கள்.

11. கணக்குப் போடுவது

பகுப்பாய்வு நிரலைப் போலித் தரவு வைத்து, கடைசி நோயாளி முடிக்கும் முன்பே எழுதிவிடுங்கள். எண்களைப் பார்த்த பிறகு எழுதினால், பிடித்த முடிவு வரும் வரை கை நிற்காது.

ஒவ்வொரு குழுவிலும் முன்னும் பின்னும் தனித்தனியாகச் சோதித்து, "கருவிக் குழு முன்னேறியது, மற்றது முன்னேறவில்லை" என்று எழுதுவது மிகப் பழகிப்போன தவறு. கேள்வி இரு குழுக்களுக்கும் இடையேயான வித்தியாசம், அதையே தொடக்க மதிப்பெண்ணைக் கணக்கில் எடுத்துக்கொண்டு சோதிக்க வேண்டும். சதவீதமும் வேண்டாம்: 4-இலிருந்து 8 போனவர் "100 சதவீத முன்னேற்றம்", 40-இலிருந்து 50 போனவர் வெறும் 25. பாதியில் நின்றவரையும் அவருடைய குழுவிலேயே வைத்து எண்ணுங்கள்.

அசைவுத் தரவு எடுத்திருந்தால், வேகத்தைக் கணக்கிடும் முன் இரைச்சலை வடிகட்டுங்கள். இடத்திலிருந்து வேகம், வேகத்திலிருந்து முடுக்கம் என்று போகப் போக இரைச்சல் பெருகும், வேக வரைபடத்தின் முனைகளை எண்ணி "அசைவு வழவழப்பாக இல்லை" என்று எழுதுவீர்கள், உண்மையில் வழவழப்பாக இல்லாதது உங்கள் சென்சார். வழவழப்புக்கு ஸ்பார்க் என்ற அளவு இந்த இரைச்சலை ஓரளவு தாங்கும், அதிலிருந்து தொடங்குங்கள். நெஞ்சில் ஒரு சென்சார் சேர்த்துக் கட்டியிருந்தால் உடம்பைச் சாய்த்துச் செய்த அசைவைப் பிரித்துவிடலாம், கட்டவில்லையென்றால் "கை நீண்டது" என்று மட்டும் எழுதாதீர்கள்.

12. எழுதுவதும் விடைபெறுவதும்

பயிற்சியை இன்னொருவர் அப்படியே திரும்பச் செய்யும் அளவுக்கு எழுதுங்கள்: யார் கொடுத்தார், எங்கே, எத்தனை அமர்வு திட்டமிட்டு எத்தனை நடந்தது, கடினத்தை எப்போது கூட்டினீர்கள். டைடியர் என்று 12 உருப்படியில் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் இருக்கிறது, அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதலாம். பலன் இல்லை என்று வந்தால் அதையும் எழுதுங்கள், ராட்டுல்ஸும் எவ்ரெஸ்ட்டும் அப்படி எழுதப்பட்டவைதான்.

கடைசி அமர்வுக்கும் ஒரு திட்டம் வேண்டும். பன்னிரண்டு வாரம் தவறாமல் வந்தவரிடம் "அடுத்த வாரத்திலிருந்து வர வேண்டாம்" என்று வாசலில் சொல்லி அனுப்பக் கூடாது. பத்தாவது வாரத்திலேயே சொல்லத் தொடங்குங்கள். முதல் நாள் மதிப்பெண், கடைசி நாள் மதிப்பெண், வீட்டில் செய்ய வேண்டிய நான்கைந்து பயிற்சி, பக்கத்தில் இருக்கும் பிசியோதெரபி மையம் எல்லாவற்றையும் தமிழில் ஒரு தாளில் எழுதி, அட்டெண்டர் கையிலும் ஒரு பிரதி கொடுங்கள். ஒப்பீட்டுக் குழுவில் இருந்தவர்கள் "எனக்கு எப்போ அந்த மெஷின்?" என்று கேட்பார்கள். அதற்கான பதில் சம்மதப் படிவத்தில் முதல் நாளே இருந்திருக்க வேண்டும்.